அம்சவேணியின் மரபுத்தொடர் நோட்டு

ஜூன் 11, திங்கள்

காலை 9.40க்கு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினோம். 11.15க்கு உடுமலைப்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அம்சவேணி என்ன சாப்பிடுகிறாள், எப்போது மாத்திரை போட்டாள், ஏதாவது பேசினாளா, எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எழுதுவது எனக்குச் சிரமமில்லை. முப்பத்து நான்கு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என்று எழுதியே வாழ்க்கை ஓடிவிட்டது.

அம்சவேணி என் மனைவி. வயது அறுபத்து மூன்று. பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் ஆங்கிலம் நடத்தினாள். மே 20 அன்று குளியலறை வாசலில் விழுந்தாள். மூளையின் இடது பக்கம் ரத்த அடைப்பு. வலது கையும் வலது காலும் விளங்கவில்லை. பேச்சு மொத்தமாகப் போய்விட்டது.

போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தோம். 11.30க்குக் கட்டிலில் உட்கார வைத்ததும் ஜன்னலைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்: “ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்.”

மகள் நித்தியகலா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். “அப்பா, அம்மா பேசிட்டாங்கப்பா. மழை பெய்யுதுன்னு சொல்றாங்க.”

வெளியே எட்டிப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

ஜூன் 14, வியாழன்

நித்தியகலா நேற்று பெங்களூருக்குப் போய்விட்டாள். அவளுக்கு லீவு இல்லை. “ஆள் வெச்சுக்கலாம்ப்பா” என்றாள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொன்னபோது சுலபமாகத்தான் இருந்தது.

12.50க்கு ரசம் வைத்தேன். புளி கூடிப்போயிற்று. ஒரு வாய் கொடுத்ததும் “பீஸ் ஆஃப் கேக்” என்றாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேக் உண்டு. சட்டையை மாட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போய் இரண்டு துண்டு வாங்கி வந்தேன். தொடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எறும்பு வரும் முன்னே நானே தின்றேன்.

ஜூன் 19, செவ்வாய்

நைட்டி தேடி அவள் பீரோவைத் திறந்தபோது, பட்டுச்சேலைகளுக்கு அடியில் அந்த நோட்டு கிடைத்தது. நீல அட்டை போட்ட நீளமான நோட்டு. ‘ஆங்கில மரபுத்தொடர்கள்: பொருளும் பிறந்த கதையும்’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறாள். மொத்தம் 212 தொடர்கள். ஆங்கிலத்தையும் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளைத் தமிழில் எழுதியிருப்பதால் என்னால் படிக்க முடிகிறது.

ஒவ்வொரு தொடருக்கும் கீழே ‘ஒரு கதை’, ‘இன்னொரு கதை’, கடைசியில் ‘அம்சவேணி சொல்வது’.

‘பீஸ் ஆஃப் கேக்: மிகச் சுலபமான வேலை. ஒரு கதை: அமெரிக்காவில் கறுப்பின அடிமைகள் ஜோடி ஜோடியாக நடந்து காட்டும் போட்டிக்குப் பரிசாகக் கேக் கொடுத்தார்கள், அதிலிருந்து வந்தது. இன்னொரு கதை: கேக் தின்பதில் என்ன கஷ்டம், அவ்வளவுதான். அம்சவேணி சொல்வது: அந்த அடிமைகளுக்கு அது சுலபமாக இருந்திருக்காது. அல்வா சாப்பிடுகிற மாதிரி என்று எழுதிக்கொள்ளுங்கள் பிள்ளைகளே.’

‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்: பெருமழை. ஒரு கதை: கூரைமேல் படுத்திருந்த நாய் பூனைகள் மழையில் வழுக்கி விழுந்தன. இன்னொரு கதை: வெள்ளத்தில் செத்த நாய் பூனைகள் தெருவில் மிதந்து வந்தன. அம்சவேணி சொல்வது: எதற்கும் ஆதாரம் இல்லை. நாம்கூடப் பேய்மழை என்கிறோம். பேயைப் பார்த்தவர் யார்?’

அடுப்பில் இருந்ததை மறந்து படித்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷம் கூட இருந்தவன். இவள் இப்படி எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது.

கடைசிக் குறிப்புக்குக் கீழே தேதி போட்டிருக்கிறாள். 2004 நவம்பர் 9. அதற்குப் பிறகு வெள்ளைத் தாள்கள். ஏன் நிறுத்தினாள் என்று தெரியவில்லை.

ஜூன் 24, ஞாயிறு

அட்டவணை போட்டிருக்கிறேன். அவள் சொன்ன தொடர், சொன்ன நேரம், அப்போது அவளுக்கு என்ன தேவைப்பட்டது. ஐந்து நாளில் அவள் சொன்னது மொத்தம் ஆறே தொடர்கள். திருப்பித் திருப்பி அவைதான். ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ ஏழு தடவை. அதில் ஐந்து தடவை தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். நோட்டில் அதற்கு ‘அத்தி பூத்தாற்போல்’ என்று பொருள் போட்டிருக்கிறது. இருந்தாலும் இவளுக்கு அது தண்ணீர் என்று ஆகியிருக்கலாம். டிப்போவில் புது டிரைவர் வந்தால் அவன் கைச்சாடை புரிய ஒரு வாரம் ஆகும். இதுவும் அப்படித்தான்.

நித்தியகலாவிடம் போனில் சொன்னேன். “சூப்பர்ப்பா” என்றாள்.

ஜூன் 26, செவ்வாய்

காலை 7.20க்கு ப்ளூ மூன் என்றாள். தண்ணீர் கொடுத்தேன். இடது கையால் தட்டிவிட்டாள். திரும்பவும் ப்ளூ மூன். பால், காபி, ஜன்னல், மின்விசிறி எல்லாம் பார்த்தாயிற்று. சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்தது. 7.40க்குப் படுக்கை நனைந்த பிறகுதான் புரிந்தது.

துணி மாற்றும்போது கண்ணை மூடிக்கொண்டாள். முப்பத்தொரு வருஷம் மடிப்புக் கலையாமல் சேலை கட்டிப் பள்ளிக்கூடம் போனவள். அட்டவணையைக் கிழித்துப்போட்டேன்.

ஜூலை 2, திங்கள்

மாலை 4.30க்கு டெய்சி டீச்சர் வந்தார். அம்சவேணியோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். நோட்டைக் காட்டியதும் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை.

“இதுக்காக நாங்க ரெண்டு பேரும் ஸ்டாஃப் ரூம்ல போட்ட சண்டை இருக்கே அண்ணா. ‘சேவ்டு பை த பெல்’னு ஒண்ணு. கடைசி நிமிஷத்துல தப்பிக்கிறது. அந்தக் காலத்துல உயிரோட புதைச்சிருவாங்களோன்னு பயந்து சவப்பெட்டியில மணி கட்டுவாங்க, உள்ள இருக்கிறவன் முழிச்சா ஆட்டுவான், அதுலருந்து வந்ததுன்னு நான் சொன்னேன். அம்சா ஒத்துக்கவே இல்ல. குத்துச்சண்டையில அடி வாங்கி விழப்போறவனை மணியடிச்சுக் காப்பாத்துதே, அதுதான்னா. ஒரு மாசம் எங்கூடப் பேசல.”

சிரித்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். அம்சவேணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்சா, சவப்பெட்டியா, குத்துச்சண்டையா?” என்று கேட்டார் டெய்சி டீச்சர்.

“பீஸ் ஆஃப் கேக்” என்றாள்.

டீச்சர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று கேட்டார்: “கோயமுத்தூர்ல ஒரு பதிப்பகத்துக்கு இதை நகல் எடுத்து அனுப்புனாளே. நல்லாயிருக்குன்னு நேர்ல சொல்லிட்டு, அப்புறம் அவனுக பதிலே போடலியாம். அதோட விட்டுட்டா. பதில் வரவே இல்லீங்களா அண்ணா?”

இல்லை என்றேன்.

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். நான்கு சுளை சாப்பிட்டாள்.

ஜூலை 5, வியாழன்

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஃபர்ஹானா என்ற பெண் பொள்ளாச்சியிலிருந்து வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். வாரம் ஒரு நாள் வருவாள். ஒரு மணி நேரம் படங்களைக் காட்டினாள், பாட்டு முணுமுணுக்க வைத்தாள். அம்சவேணி மூன்று தடவை கேட்ஸ் அண்ட் டாக்ஸ் சொன்னாள்.

நோட்டைக் காட்டி, இவள் சொல்லும் ஒவ்வொன்றும் இதில் இருக்கிறது, எதையோ சொல்லப் பார்க்கிறாள் என்றேன்.

ஃபர்ஹானா நிதானமாகத்தான் பேசினாள். “அப்படி இல்லீங்க சார். நாம யோசிச்சுப் பேசுற பேச்சு மூளையில ஒரு பக்கத்துலருந்து வருது. அதுதான் அடிபட்டிருக்கு. ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லிப் பழகுனது, பாட்டு, மந்திரம், கெட்ட வார்த்தை, இந்த மாதிரித் தொடர், இதெல்லாம் மொத்தமா ஒரே சொல்லா வேற இடத்துல பதிஞ்சிருக்கும். வாயைத் திறந்தா அது தானா வந்துருது. அவங்க சொல்ல நினைக்கிறது வேற, வர்றது வேற.”

“அர்த்தத்தோட எப்பவாவது வருமாம்மா?”

“வரலாம். வராமலும் போகலாம். எது எப்படி வந்துச்சுன்னு வெளியில இருக்கிற நம்மால கண்டுபிடிக்க முடியாதுங்க சார்.”

அவள் போன பிறகு நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். 6.10க்கு மறுபடி எடுத்தேன்.

ஜூலை 11, புதன்

காலை 8.05. இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். என் கண்ணைப் பார்த்து, இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள்: “கேட் அவுட் ஆஃப் த பேக்.”

நோட்டில் 87ஆவது. ‘லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்: மறைத்த ரகசியத்தை வெளியே விடுவது. ஒரு கதை: சந்தையில் பன்றிக்குட்டி என்று சொல்லிப் பூனையைச் சாக்கில் கட்டி விற்பான் ஏமாற்றுக்காரன். சாக்கைத் திறந்தால் குட்டு வெளிப்படும். இன்னொரு கதை: கப்பலில் தப்புச் செய்த மாலுமியை அடிக்கும் சவுக்குக்குப் பூனை என்று பெயர். அதைப் பையிலிருந்து எடுத்தால் அடி நிச்சயம். அம்சவேணி சொல்வது: பன்றிக்குட்டிக்கும் பூனைக்கும் கனம் தெரியாதவன் எவனாவது இருப்பானா? ஆனாலும் முதல் கதைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. வாங்கியவன் வீடு வந்து சேரும் வரை நம்பிக்கொண்டே நடந்திருப்பான், பாவம்.’

மத்தியானம் 1.15க்கும் மாலை 5.50க்கும் அதையே சொன்னாள். அந்த இரண்டு தடவையும் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

தானாக வருவது என்று ஃபர்ஹானா சொல்லியிருக்கிறாள். அம்சவேணிக்குப் பார்க்கும் கருவியில் எனக்கும் ரத்த அழுத்தம் பார்த்தேன். 170.

ஜூலை 12, வியாழன்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. ஃபர்ஹானா வந்தாள், போனாள்.

ஜூலை 18, புதன்

ஒரு வாரமாக எழுதவில்லை. எழுதாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. 2004 ஆகஸ்ட்டில். தபால்காரர் வழக்கம்போல எங்கள் வீட்டுத் தபாலை டிப்போ வாசலில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பழுப்பு உறை. பிரித்துப் படித்தேன். தமிழில்தான் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. ‘அம்மையார் அனுப்பிய நூல் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முந்நூறு தொடர்களாக விரித்துக் கொடுத்தால் வரும் கல்வியாண்டுக்கு முன் அச்சிட்டுவிடலாம். தங்கள் சம்மதம் கிடைத்ததும் வேலை தொடங்குகிறோம்.’

அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் பதவி உயர்வுக்கான பரீட்சை முடிவு வந்திருந்தது. ஆங்கிலத் தாளில் எனக்கு இருபத்து மூன்று மார்க். “நான் சொல்லித் தர்றனுங்க, ராத்திரி அரை மணி நேரம் உக்காருங்க போதும்” என்று அம்சவேணி அதற்கு முன்பே கேட்டாள். உன்கிட்டப் படிக்கணும்னு எனக்கு விதி இல்லை என்றேன். முடிவு வந்த அன்று டிப்போவில் கண்டக்டர் ஒருவர், “வூட்டுலயே இங்கிலீஷு டீச்சர வெச்சுக்கிட்டு நாச்சிமுத்தண்ணன் இப்படிக் கோட்டை விட்டுட்டாரே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடிதத்தை நான்காக மடித்து எதிர் டீக்கடை அடுப்பில் போட்டேன். டீக்கடைக்காரர், “என்னண்ணா, வேண்டாத கடுதாசியா?” என்றார். ஆமாம் என்றேன்.

அன்று சாயங்காலம் அவள் கேட்டாள்: “தபால் ஏதாச்சும் வந்துச்சுங்களா?” இல்லை என்றேன். செப்டம்பர் முழுக்கத் தினமும் கேட்டாள். அக்டோபரில் எப்போதாவது கேட்டாள். நவம்பரில் கேட்பதை விட்டுவிட்டாள். அந்த மூன்று மாசமும் ஒவ்வொரு நாளும், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு சொல்வதற்கு அவசியம் இல்லை என்று தோன்றியது. அவளும் சாதாரணமாகத்தான் இருந்தாள். சமைத்தாள், பள்ளிக்கூடம் போனாள், நித்தியகலாவுக்குக் கல்யாணம் செய்தோம்.

நவம்பர் 9 என்ற தேதியைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். தெரியவில்லை என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

ஜூலை 23, திங்கள்

எதிர்வீட்டு மல்லிகாவை அம்சவேணிக்குத் துணைக்கு வைத்துவிட்டு 6.15 பஸ்ஸில் கோயமுத்தூர் போனேன். நோட்டை மஞ்சள் பையில் வைத்து மடியிலேயே வைத்திருந்தேன். இப்போதாவது அச்சுப் போடுவார்களா என்று கேட்கலாம், புத்தகமாக அவள் கையில் கொடுக்கலாம் என்று ஒரு எண்ணம்.

அந்த விலாசம் எனக்கு மறந்ததே இல்லை. இப்போது அங்கே செல்போன் கடை இருக்கிறது. மாடியில் தையல் கடை வைத்திருப்பவர்தான் சொன்னார். “அந்தப் பெரியவர் தவறி ஆறு வருஷம் ஆச்சுங்க. பசங்க புஸ்தகமெல்லாம் எடைக்குப் போட்டுட்டு அமெரிக்கா போயிட்டாங்க. நீங்க எழுத்தாளருங்களா?”

இல்லைங்க, டைம் கீப்பர் என்றேன்.

2.30க்குத் திரும்பி வந்தேன். மல்லிகா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். “நீங்க போனதுலருந்து கதவையே பார்த்துட்டு இருந்தாங்கண்ணா. சாப்பிட மாட்டேங்கிறாங்க. ஏதோ இங்கிலீஷ்ல சொல்லிச் சொல்லி அழுகறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல.”

என்ன சொன்னாள் என்று கேட்டேன். மல்லிகாவுக்குத் திருப்பிச் சொல்லத் தெரியவில்லை. எனக்காக அழுதாளா, பசிக்கு அழுதாளா, எதற்கும் இல்லாமல் அழுதாளா, யாரைக் கேட்பது? முகம் துடைத்துவிட்டுத் தயிர்ச்சோறு ஊட்டினேன். சாப்பிட்டாள்.

ஜூலை 27, வெள்ளி

நேற்று வர முடியாததால் ஃபர்ஹானா இன்று வந்தாள். 11 மணிக்கு. இன்று புதிதாக ஒரு சோதனை. இருபது கேள்வி. ஆமாம் என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் பக்கவாட்டில் தலையசைக்க வேண்டும்.

“உங்க பேர் அம்சவேணியா?” தலை மேலும் கீழும் அசைந்தது. எனக்கு உயிர் வந்தது.

“உங்க பேர் சரஸ்வதியா?” அதற்கும் மேலும் கீழும்.

“இது ஆஸ்பத்திரியா?” இல்லை என்றாள். சரி. “காக்கா வெள்ளையா இருக்குமா?” ஆமாம் என்றாள். இருபதும் முடிந்தபோது ஃபர்ஹானா எண்ணிப் பார்த்தாள். பதினொன்று சரி, ஒன்பது தப்பு.

“பாதிக்கு மேலதானேம்மா” என்றேன்.

“காசைச் சுண்டிப்போட்டாலும் பத்து சரியா வருங்க சார்.” சொன்ன பிறகு வருத்தப்பட்டாள். “முன்னேறும். அவசரப்படாதீங்க. தினமும் நீங்களும் கேளுங்க. ஆனா ஆமான்னு தலையாட்டுனா உடனே நம்பிடாதீங்க. ஒரு கேள்விக்கு ஆமான்னு சொன்னா, அடுத்து நிச்சயமா இல்லைன்னு வர்ற மாதிரி ஒண்ணு கேளுங்க. அதுக்கும் ஆமான்னு வந்தா முதல் பதில் கணக்குல இல்ல.”

கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்தாள். கேள்வி, பதில், சரிபார்க்கும் கேள்வி, பதில். கட்டத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. கட்டம் நிரப்ப எனக்குத் தெரியும்.

ஜூலை 30, திங்கள்

சாப்பிட்டாயா? ஆமாம். நீ ஆம்பளையா? ஆமாம். கணக்கில் இல்லை.

ஜூலை 31, செவ்வாய்

இது ராத்திரியா? இல்லை. இது பகலா? இல்லை.

ஆகஸ்ட் 3, வெள்ளி

ஆடிப்பெருக்கு. மல்லிகா தேங்காய்ச் சாதம் கொடுத்துவிட்டு அமராவதிக்குக் கிளம்பிப் போனாள். தெருவில் சத்தமே இல்லை. அம்சவேணிக்குத் தலை வாரிப் பின்னினேன். பின்னல் இன்றைக்குக் கோணாமல் வந்தது. கொஞ்சம் மல்லிகைப்பூ வைத்தேன்.

10.10க்கு நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சொன்னேன். பழுப்பு உறை, அதில் எழுதியிருந்தது, டீக்கடை அடுப்பு, இருபத்து மூன்று மார்க். தினமும் அவள் கேட்டபோதெல்லாம் இல்லை என்று சொன்னது. கோயமுத்தூர் போய் வந்தது எதற்கு என்பது. சொல்லி முடிக்க நான்கு நிமிஷம்தான் ஆயிற்று.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் பிள்ளைகள் ஒப்பிக்கும்போது இப்படித்தான் பார்ப்பாளாம், டெய்சி டீச்சர் சொல்லியிருக்கிறார். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். பூனை, கேக், ப்ளூ மூன், எதுவானாலும் சரி. ஒன்றும் சொல்லவில்லை.

“நான் சொன்னது வெளங்குச்சா அம்சா?”

தலை மேலும் கீழும் அசைந்தது.

“என்னை மன்னிச்சுட்டியா?”

அதே போல மேலும் கீழும் அசைந்தது. அவசரமில்லாமல், இரண்டு தடவை.

தாளும் பேனாவும் பக்கத்திலேயே இருந்தன. அடுத்த கட்டத்துக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும். உன் பேர் சரஸ்வதியா என்றால் போதும். கேட்பதற்கு வாயைத் திறந்தேன். அவளும் நான் கேட்கப்போவதற்காகக் காத்திருந்தாள்.

கேட்கவில்லை.

10.30க்கு மாத்திரை கொடுத்தேன். தேங்காய்ச் சாதம் பாதி சாப்பிட்டாள்.